ஆஷ்ட்ரே மூடியில் தெரிந்த முகம்

என் வாழ்நாளில் பாதிக்கு மேல், அடுத்தவர்களுடைய பம்பரில் என் முகத்தைப் பார்த்தே கழிந்தது. பம்பர் வளைந்திருப்பதால் அதில் மூக்கு மட்டும் பூசணிக்காய் அளவுக்குத் தெரியும். கண்கள் இரண்டும் காதுப்பக்கம் போய்விடும். பெண் பார்க்கப் போன நாளில்தான் வீட்டுக் கண்ணாடியில் என்னை ஒழுங்காகப் பார்த்தேன். பம்பரே பரவாயில்லை என்று தோன்றியது.

தம்பிகளே, இப்போது தங்கைகளும் குரோம் பூசித் துலக்கும் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தூளை எந்தத் துணியில் தொட்டு எப்படித் தேய்க்க வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் கைபேசி என்னைவிட நன்றாகச் சொல்லும், அதுவும் நடுநடுவே வெற்றிலை துப்பாமல். நான் சொல்லப் போவது, குரோம் கெடக்கூடாத இடத்தில் கெட்டுப்போன ஒரு காரைப் பற்றி. அதற்குப் பிறகு நான் மழை நாளில் எந்தக் காரின் பின் சீட்டிலும் ஏறுவதில்லை. முன் சீட்டு இல்லையென்றால் பஸ்தான். என் மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு நிக்கல், குரோம் பூச்சுப் பட்டறையில் வேலை பார்த்தேன். தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமம் கௌதள்ளியிலிருந்து வந்தவன், வீட்டில் தமிழ். பட்டறை முதலாளி கன்னடக்காரர். தமிழும் பேசுவார்; திட்டும்போது மட்டும் இரண்டையும் கலந்து, நல்ல வசவு எந்த மொழியில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார். தன் பெயரைப் போர்டில்கூட எழுத விடாத மனிதர், அதனால் நானும் எழுதவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. பூச்சு ஏற்றும் தொட்டிகளுக்கு எதிர்ச்சுவரில், ஆள் முகத்தின் உயரத்தில், ஒரு பித்தளைத் தகடு கயிற்றில் தொங்கும். காலையில் முதலில் வருகிறவர் அதைப் பளபளவென்று துடைத்து வைக்க வேண்டும். தொட்டிகளிலிருந்து எழும்பும் ஆவியை வெளியே தள்ள விசிறி இருந்தது. விசிறி சரியாக இழுக்கிறதா என்று நமக்குத் தெரியாது. மூக்கு பழகிப் போயிருக்கும். தகடு பழகாது. அது மங்கினால் காற்றில் ஏதோ சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் சாட்சி. நான் அந்தச் சாட்சியை முக்கியமாகத் தலை வாரப் பயன்படுத்தினேன்.

"ஏன்லா மாதேசா, அது உன்னோட மூஞ்சி பாக்கறதுக்கா? நம்ம உயிரு பாக்கறதுக்குலா!" என்பார் முதலாளி.

"என் மூஞ்சியும் உயிரோடதானுங்க இருக்குது."

"அது டவுட்டு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் வரதன் சார் வந்தார். அக்ரஹாரத்தில் பழைய வீடு, மேலுகோட்டைப் பூர்வீகம், அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா காலத்து வெளிநாட்டுக் கார் ஒன்று வைத்திருந்தார். பாசிப் பச்சை நிறம். வண்டி முழுக்க குரோம்: முன்பக்கம் பல் பல்லாக, கதவுகளில் கோடு கோடாக, விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாக. அதன் பின் பம்பர் துருவேறி உரிந்து கிடந்தது. அதைக் கழற்றி, பழைய பூச்சை எடுத்து, புதிதாக நிக்கலும் குரோமும் ஏற்றி நான்தான் மாட்டிக் கொடுத்தேன். சார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மாப்பிள்ளை அழைப்பில்கூட மாப்பிள்ளையை யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நாளில் முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார்.

"மாதேசா, இங்க வந்து பாரு. பம்பருக்கு மீசை மொளச்சிருக்கு."

உண்மைதான். புகைக்குழாயின் வாய் பம்பருக்குக் கீழே இடதுபக்கம் எட்டிப் பார்க்கும். வயதான இஞ்சின், புகை அதிகம். குழாய்க்கு நேர் மேலே புதுக் குரோமில் கறுப்பாக ஒரு தீற்றல்.

"தொடச்சாப் போயிருமுங்க சார்."

"தெனம் காலம்பற பம்பருக்குச் சவரம் பண்ணச் சொல்றியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே ஒரு பாலிஷ் கலந்து கொடுத்தேன். சுண்ணாம்புத் தூள், மண்ணெண்ணெய், கொஞ்சம் மெழுகு, நிறைய வாய்ச்சவடால். இதைப் பூசினால் புகை ஒட்டவே ஒட்டாது என்று சத்தியம் செய்தேன். ஒட்டும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அடுத்த முறை பார்த்தபோது மீசை இல்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. பம்பர் பால் வடிகிற முகம்போல இருந்தது. பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் படம் போட்ட புட்டியில் அதை விற்பது வரைக்கும் மனதுக்குள் போய்விட்டேன். சார் என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்ப்பா நீ" என்றார். அப்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெருமையில் வண்டியின் குரோம் வேலை மொத்தத்தையும் சார் என்னிடமே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளப்பாக்கி வைப்பேன். அப்போது அவர் மகள் வைதேகி முதல் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய அம்மா இறந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அம்மா செய்ய வேண்டியதையெல்லாம் தானே செய்ய வேண்டும் என்று சார் தவித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு என்று எங்கே போனாலும் காரில்தான்.

ஆடியை ஒட்டிய ஆஷாட மாதம். சாமுண்டி மலை எந்நேரமும் மேகத்துக்குள் இருந்தது. நின்று பெய்யாமலும் நிற்காமலும் தூறல். கர்ப்பிணிக்குக் குளிர்காற்று படக்கூடாது என்று பின் கண்ணாடிகளை எல்லாம் சார் இறுக்கி ஏற்றிவிடுவார். அவர் பக்கக் கண்ணாடி மட்டும் எப்போதும் இறங்கியே இருக்கும். திருப்பம் காட்டும் விளக்கு எரியாது, கையைத்தான் நீட்ட வேண்டும். அதனால் சாரின் வலது சட்டைக்கை அந்த மாதம் முழுக்க நனைந்தே இருந்தது.

பின் சீட்டில் உட்கார்ந்தால் நேர் எதிரே, முன் சீட்டின் முதுகில், ஒரு சின்ன ஆஷ்ட்ரே பதித்திருக்கும். அதற்கு உள்ளங்கை அகலத்துக்குக் குரோம் மூடி. சார் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. அதற்குள் ஏலக்காய் இருந்தது. தட்டையான மூடி என்பதால் முகம் ஒழுங்காகத் தெரியும். நான் அதிலும் தலை வாரியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மூடி மங்கியிருந்தது. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அப்படி ஒரு படலம். மூச்சு என்றால் மறைந்துவிடும். இது மறையவில்லை, லேசாகப் பழுப்பேறியிருந்தது. துடைத்தேன், போய்விட்டது. அடுத்த வாரம் மறுபடியும் இருந்தது. பின் கதவுகளில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடிகள், கூரை விளக்கின் வளையம், எல்லாவற்றிலும் அதே படலம். மெல்லிய புள்ளிகள்கூட விழ ஆரம்பித்திருந்தன. முன் சீட்டுப் பக்கத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. வெளியே மழையில் நனைகிற குரோம் நன்றாக இருக்கிறது, உள்ளே, நனையாத குரோம், அதுவும் பின்பக்கம் மட்டும் கெடுகிறது. என் தொழிலில் அப்படிப் பார்த்ததில்லை. யாரோ பின் சீட்டில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது.

அதற்கடுத்த வாரம் படலத்தின் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. யாரோ துடைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

வைதேகி வாசற்படியில் காப்பி டம்ளரோடு நின்றிருந்தாள்.

"ஏனுங்கக்கா, இந்த மூடிய நீங்க தொடச்சீங்களா?"

அவள் ஒருமுறை வீட்டுக்குள் திரும்பி, அப்பா பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"நான்தான். சரியாத் தெரியலைன்னு தொடச்சேன்."

"என்னங்க தெரியலை?"

"அம்மா."

நான் பாலிஷ் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பக்கத்துல ஒக்காந்துண்டு வரா, மாதேசா. திரும்பிப் பாத்தா இல்லை. அந்த மூடியில பாத்தா இருக்கா. மொகம் தெரியறதில்லை, பொடவைத் தலைப்பு தெரியறது. 'தூங்குடி, கொழந்தே, தூங்கு'ங்கறா. அப்படியே கண்ணைச் சொக்கும். எறங்கினா தலை வெடிக்கற மாதிரி வலிக்கும்."

"பயமா இல்லீங்களா?"

"அம்மாகிட்ட என்ன பயம்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஆனா நாளுக்கு நாள் கிட்டக்க வரா. கூட அழச்சுண்டு போயிடுவாளோன்னு இருக்கு. ரெண்டு பேரையும்."

அன்றைக்கு அந்த மூடியை நான் கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன். சக்கர மூடிகளைக்கூடக் கொஞ்சம் தள்ளி நின்றே துடைத்தேன்.

நான் தைரியசாலி இல்லை என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனாலும் ஒருநாள் அந்தப் பின் சீட்டில் உட்கார வேண்டி வந்தது. சக்கர மூடிகளைப் புதுப் பூச்சுக்குப் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும். சார் அவற்றைப் பழைய வேட்டியில் சுற்றி முன் சீட்டில் மரியாதையாக உட்கார வைத்துவிட்டார். எனக்குப் பின் சீட்டு.

"கண்ணாடியை ஏத்திக்கோ, சீட்டு நனையும்" என்றார்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஏதோ கூட்ஸ் வண்டி வருவதும் போவதுமாக இருந்தது. ஒருமுறை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பதால் சார் இஞ்சினை ஓடவிட்டே காத்திருந்தார். மழை கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. எதிரே அந்த மூடி. பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்தால் பார்க்காமல் இருக்க முடியுமா?

என் முகம் தெரிந்தது. தோளுக்குப் பக்கத்தில் ஏதோ நிழல். சீட்டின் நிழல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் அது என் பக்கம் சாய்ந்தது. குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இனிமேல் தூங்கலாம், எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம் என்று யாரோ அனுமதி கொடுத்த மாதிரி இருந்தது. மழைச் சத்தம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. கையைத் தூக்கப் பார்த்தேன். அது வேறு யாருடைய கையோ. ஊரில் என் சித்தப்பா ஒருத்தர் செத்துப் போயிருந்தார். அவர் சைக்கிளை நான்தான் கிணற்றுமேட்டில் விட்டு உடைத்தேன். வந்திருப்பது அவராகத்தான் இருக்கும், சைக்கிளைக் கேட்பார் என்று நினைத்தேன். சிரிக்கிறீர்கள். எனக்கு அப்போது அழுகை வந்தது.

கேட் திறந்து வண்டி குலுங்கியதில் என் தலை கண்ணாடியில் மோதியது. கதவைத் திறந்து ரோட்டில் விழுந்து வாந்தி எடுத்தேன்.

"காலம்பற என்ன சாப்ட்டே?" என்று கேட்டார் சார்.

"மூணு மசால் தோசைங்க."

"அதான்."

பட்டறையில் சொன்னேன். முதலாளி தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தார். "தெவ்வமா, பேயா? மைசூரு முழுக்கச் சுத்திப் பாத்துட்டு, ஒக்காரதுக்கு உன் பக்கத்து சீட்டுதான் சிக்கிச்சா? பாவம்லா அது."

நான் ஓர் எலுமிச்சம்பழத்தையும் பச்சைமிளகாயையும் கோத்து, யாருக்கும் தெரியாமல் முன் பம்பருக்கு அடியில் கட்டிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார், "யாரோ வண்டியில கட்டியிருந்தா. பழம் நன்னா இருந்துது, சாத்தமுதுக்குப் பிழிஞ்சுட்டேன்" என்றார். அவர் வீட்டு ரசத்தோடு போனது என் பரிகாரம்.

ஆனால் அன்றைக்கு அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"வைதேகி சரியாவே இல்லைப்பா. தூக்கத்துல 'அம்மா, வரேன், வரேன்'ங்கறா. டாக்டர் எல்லாம் சரியா இருக்குங்கறார். எனக்கு மனசு கேக்கலை. நாளைக் காலம்பற மேலுகோட்டைக்கு அழச்சுண்டு போறேன். பெருமாள் சன்னிதியில சித்த ஒக்கார வெச்சா எல்லாம் சரியாயிடும். வண்டி பளிச்சுன்னு இருக்கணும், மாதேசா."

அதுவரை போனதெல்லாம் ஊருக்குள் கொஞ்ச தூரம். மேலுகோட்டை அப்படியில்லை, போய்ச்சேர மணிக்கணக்கில் ஆகும். தூறலில், கண்ணாடி ஏற்றி. நான் எல்லாவற்றையும் துடைத்தேன். கடைசியாக அந்த மூடியையும் துடைத்து, நல்லபடியாகப் போய் வரட்டும் என்று மனதார நினைத்தேன். நான் மனதார நினைப்பதையெல்லாம் கடவுள் ஒரு மாதிரியாகத்தான் கேட்டுக்கொள்வார்.

மறுநாள் காலை பட்டறையில் கரண்ட் இல்லை. மழைக்குப் பயந்து முதலாளி மண்ணெண்ணெய் ஜெனரேட்டரை வாசலுக்கு உள்ளே இழுத்து வைத்து ஓட்டினார். நான் ஏதோ ஒரு கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இடது கண்ணுக்குப் பின்னால் வலிக்கத் தொடங்கியது. ரயில்வே கேட்டில் வலித்த அதே இடம், அதே வலி. நாக்கு தடித்தது. எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன்: பேய் காரை விட்டு இறங்கிப் பட்டறைக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன். பின்னால் நிற்கிறதா என்று பார்க்கச் சாட்சித் தகட்டை நிமிர்ந்து பார்த்தேன்.

பின்னால் ஒருவர் நின்றிருந்தார். முதலாளி. ஆனால் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. காலையில் நானே துடைத்த தகடு மூச்சுப் படிந்த மாதிரி, லேசான பழுப்பாக, மங்கிப்போயிருந்தது.

"ஆச்செ நடி! எல்லாரும் வெளிய!" என்று கத்திக்கொண்டே அவர் ஜெனரேட்டரை அணைத்தார்.

தூறலில் நின்று மூச்சு வாங்கினோம். முதலாளி தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்து துணியால் துடைத்தார். துணியில் பழுப்புக் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, கரிந்த வாடை. என் பையில் முந்தின நாள் சாரின் காரைத் துடைத்த துணி இருந்தது. எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அதே நிறம். அதே பிசுக்கு. முகர்ந்து பார்த்தேன். அதே வாடை.

"இது எங்கே தொடச்சது?" என்றார் முதலாளி.

"அந்தக் காருக்குள்ளங்க. பின் சீட்டுல."

"காரோட பொகை காருக்குள்ள எதுக்குலா வருது? வெளியேதானே போகணும்? பம்பர் கறுப்பாயிருக்கும் பாரு."

"பம்பர் சுத்தமா இருக்குதுங்க. என் பாலிஷ்ல..."

மீசை இல்லாத பம்பர். அத்தனை புகை விடுகிற இஞ்சின். புகை பம்பருக்கு வரவில்லை என்றால் அது எங்கே போய்க்கொண்டிருந்தது?

முதலாளி இந்த முறை திட்டவில்லை. "சைக்கிள் எடு" என்றார்.

நான் ஓட்டிய வேகத்தில் சித்தப்பாவின் சைக்கிளாக இருந்தால் வழியிலேயே உடைந்திருக்கும். போகும்போதே என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். சார் எதற்கும் காரணம் கேட்கிறவர். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அபசகுனமாகப் பேசினால் கோபப்படுவார். 'சார், வணக்கமுங்க, ஒரு சின்ன விஷயமுங்க, புகைக்குழாயை ஒருக்காப் பாத்துட்டுப் போனீங்கன்னா...' வைதேகியிடம், 'அக்கா, கொஞ்சம் எறங்கி நில்லுங்க, சீட்டைத் தொடைக்கணுமுங்க.' ரொம்ப மரியாதையான வாக்கியங்கள். ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை.

தெருமுனையில் திரும்பினேன். கார் வீட்டு வாசலில் நின்றிருந்தது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் யாரும் இல்லை. சார் எதையோ எடுக்க உள்ளே போயிருக்க வேண்டும். வீட்டுக் கதவு திறந்திருந்தது. பின் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே வைதேகியின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. நெற்றி கண்ணாடியோடு ஒட்டி, வாய் லேசாகத் திறந்து. பம்பர் மட்டும் மழையில் கழுவி வைத்த வெள்ளிப் பாத்திரம்போல மின்னியது.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். என் வாயிலிருந்து வந்தது இது:

"எறங்குடி! ஏந்துரு, எறங்குடி!"

நான் கதவை எட்டும்போது அவள் கண்கள் திறந்திருந்தன. கை கதவுப் பிடியில் இருந்தது. நான் வெளியிலிருந்து இழுக்க, அவள் உள்ளிருந்து தள்ள, கதவு திறந்து என் மேலேயே சாய்ந்தாள். கூடவே உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று ஒன்று வந்து முகத்தில் அடித்தது. ஜெனரேட்டர் வாடை.

சார் கையில் துளசி மாலையோடு ஓடி வந்தார்.

"யாரைப் பாத்துடா 'டி' போடறே? என்னடா பண்றே என் பொண்ணை?"

"அக்காவ வாசப்படியில ஒக்கார வெய்யுங்க சார். காத்துப் படட்டும். வண்டிய அணைங்க!"

அவர் அணைத்தார், அல்லது நான் அணைத்தேன், அது நினைவில்லை. தெருவில் ஓடிய தண்ணீரில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டது நினைவிருக்கிறது. புகைக்குழாய் பம்பர்வரை வரவேயில்லை. டிக்கிக்கு அடியிலேயே நின்றுபோயிருந்தது. வெட்டிய முனை புதிதாக இருந்தது. அதற்கு நேர் மேலே டிக்கியின் தகடு கரி பிடித்திருந்தது. துருவில் அரித்த ஓட்டைகள் வழியாக உள்ளே போட்டிருந்த சாக்கு தெரிந்தது. சாக்குக்கு அந்தப் பக்கம் பின் சீட்டு.

"சார், இந்தக் கொழாய யாருங்க வெட்டுனது?"

வெளியே தலையை எடுத்துப் பார்த்தேன். சார் மாலையைப் பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தார்.

"நான்தான். பம்பர் கறுக்கறதேன்னு... ஒரு வெல்டர்கிட்டச் சொல்லி சித்த உள்ள தள்ளச் சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே சார்."

"நீ ஒன் பாலிஷ்னாலதான்னு அவ்வளவு சந்தோஷமா சொல்லிண்டிருந்தே. மனசு நோகப் போறதேன்னு சொல்லலைப்பா."

அந்தச் சின்னச் சிரிப்பின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாருங்கள், அவர் கெட்டவரும் இல்லை, முட்டாளும் இல்லை. நானும் ஏதோ ஓரளவு அப்படித்தான். பம்பரின் மேல் வைத்த ஆசையும், ஒரு வாயாடியின் மேல் வைத்த தாட்சண்யமும் சேர்ந்து ஒரு பெண்ணையும் பிறக்காத குழந்தையையும் அந்தக் காருக்குள் பூட்டி வைத்திருந்தன.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு பக்கமும் திறந்த வண்டி. மழை முகத்தில் அடித்தது. குளிர்காற்று என்று சார் இந்த முறை எதையும் மூடவில்லை. ஆக்ஸிஜன் வைத்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது என்று டாக்டரம்மா வந்து சொல்லும்வரை அவர் கையிலிருந்த மாலையைக் கீழே வைக்கவில்லை.

அப்புறம் குழாயைப் பழையபடி நீட்டி, டிக்கி ஓட்டைகளை அடைத்தார்கள். பம்பருக்கு மறுபடி மீசை முளைத்தது. சார் அதைத் துடைக்க ஒருநாளும் சொல்லவில்லை. நான் துடைக்கப் போனாலும், "இருக்கட்டும்ப்பா, அழகாத்தான் இருக்கு" என்பார். ஆஷ்ட்ரே மூடி அதன்பிறகு மங்கவேயில்லை.

இந்த இடத்தில் நான் நிறுத்தினால் உங்களுக்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கும். கறையைப் பார்த்ததும் துணியை எடுக்காதீர்கள். அது ஏன் அங்கே வந்தது என்று பாருங்கள். கறை தானாகக் காணாமல் போனால் இன்னும் பயப்படுங்கள், அது எங்கே போனது என்று தேடுங்கள். நான் வாராவாரம் அந்த மூடியைத் துடைத்து, அது எனக்குச் சொல்ல வந்ததை அழித்துக்கொண்டே இருந்தேன். பட்டறையில் சாட்சி மங்கினால் வெளியே ஓடத் தெரிந்தவனுக்கு, காரில் மங்கினால் பாலிஷ் போடத்தான் தெரிந்தது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நிறுத்த முடியவில்லை. பெண் குழந்தை பிறந்த பிறகு பார்க்கப் போயிருந்தேன். குழந்தை என்னைப் பார்த்ததும் அழுதது. பம்பரில் பார்த்த முகம்போல இருந்திருக்கும். வைதேகி சிரித்தாள். நான் நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு உங்களை 'டி' போட்டுட்டனுங்க. மன்னிச்சிருங்கக்கா. அவசரத்துல என்ன பேசறோம்னு தெரியலை. நீங்க சொன்னீங்களே, அம்மா 'தூங்குடி'ன்னு கூப்பிட்டாங்கன்னு, அது மனசுல நின்னிருக்குமுங்க."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் அப்பறம் யோசிச்சுப் பாத்தேன், மாதேசா. எங்கம்மா என்னை ஒருநாளும் தூங்கச் சொன்னதே இல்லை. விடியறதுக்குள்ள எழுப்பறதுதான் அவ வேலை. போர்வையை உருவிண்டு போயிடுவா. தூங்கச் சொன்னது அம்மாவா இருக்கவே முடியாது."

"அது பொகைங்கக்கா. டாக்டரம்மாவே சொன்னாங்களே."

"ஆமா. தூங்கச் சொன்னது பொகை."

அவள் அதோடு விட்டிருக்கலாம்.

"என்னை எழுப்பின குரல் கேட்டுக் கண்ணைத் தெறந்தேன். நீ அப்போதான் சைக்கிள்ல தெருக்கோடியில திரும்பிண்டிருந்தே."

நான் சிரிக்கப் பார்த்தேன். புகை மயக்கத்தில் முன்னது பின்னதாகத் தெரியும் என்று சொன்னேன். அது சரிதான், நானும் அன்று காலை ஜெனரேட்டர் புகையைக் குடித்துவிட்டுத்தான் போனேன், என் நினைவையும் முழுக்க நம்ப முடியாது. ஆனால் கண்ணாடியெல்லாம் ஏற்றி, இஞ்சின் ஓடுகிற வண்டிக்குள், மழையில், நான் ஓடிக்கொண்டே கத்தியது கேட்டிருக்குமா என்பது எனக்குத் தெரியவில்லை. கௌதள்ளிக்காரன் வாயில் 'ஏந்துரு' எப்படி வந்தது என்பதும் தெரியவில்லை. எங்கள் ஊரில் 'எந்திரி' என்போம், 'ஏந்துரு' சார் வீட்டுப் பேச்சு.

காரை விற்கும்போது சார் அந்த மூடியை மட்டும் கழற்றி எனக்குக் கொடுத்தார். பிறகு நான் தனியாகப் பட்டறை போட்டபோது, தொட்டிகளுக்கு எதிர்ச்சுவரில் அதைத்தான் தொங்கவிட்டேன். இப்போது வீட்டில், என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன். அதில் யாரும் தலை வாரக் கூடாது. எனக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, முடி போய்விட்டது. பகலில் காரணமில்லாமல் கண்ணைச் சொக்கினால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். இதுவரை என் முகம் மட்டும்தான் தெரிகிறது.